ஆணி அடிக்க இடமில்லாத சுவர்கள்

அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழக வளாகத்தின் ஒரு மூலையில் ஒரு கட்டடம் இருக்கிறது. தெருவிலிருந்து பார்க்கிறவர் அதைக் கட்டடம் என்று சொல்லமாட்டார். தரையை முட்டிக்கொண்டு வெளியே வந்தாற்போல, வெள்ளை வெளேரென்று குமிழ் குமிழாக மேடுகள். ஒன்றின் தோளில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மேடுகளின் முதுகு முழுக்க உடைந்த பீங்கான் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். அந்த வெள்ளையின் மேல் கன்னங்கரேலென்று ஒரு பாம்பு நெளிந்து போகிறது. அங்கங்கே குட்டையான மூக்குகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாசலைத் தேடத்தான் வேண்டும். பாதி மறைந்த ஒரு படிக்கட்டு கீழே இறங்குகிறது. அதில் இறங்கினால் பூமிக்கு அடியில் ஓர் ஓவியக்கூடம்.

உள்ளே போனதும் கண் சுவரைத் தேடும். சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது, ஏனென்றால் இரண்டும் ஒரே ஓடுதான். தூண்கள் நேராக நிற்பதில்லை. பழைய மரத்தின் அடிப்பாகம் மாதிரி பருத்தும் சாய்ந்தும் எழும்பி, மேலே போய்க் கூரையோடு கரைந்துவிடுகின்றன. தரையும் சமதளமாக இல்லை. சட்டம் போட்ட ஒரு படத்தை இங்கே மாட்ட வழியே கிடையாது. நேரான பரப்பு என்று ஒரு முழம்கூடக் கிடைக்காத இடம் இது. அதனால் படங்களைச் சுவரில் மாட்டவில்லை. சுவரையே படமாக வரைந்துவிட்டார்கள். வளைந்த கூரையில், தூணின் இடுக்கில், கதவில், குளிரூட்டிக் கருவியின் மேலும்கூடத் தூரிகை ஓடியிருக்கிறது.

இதன் பெயர் ‘அம்தாவாத் நி குஃபா’, அதாவது அகமதாபாத்தின் குகை. கட்டியவர் பி.வி. தோஷி, வரைந்தவர் எம்.எஃப். உசேன். தொடக்கத்தில் ‘உசேன்–தோஷி நி குஃபா’ என்று இருவர் பெயராலும் இது வழங்கியது. 1990களின் தொடக்கத்தில் திட்டமிட்டு, அந்தப் பத்தாண்டின் நடுவில் வேலை முடிந்தது.

இருவருமே பெரிய ஆட்கள். பாலகிருஷ்ண தோஷி 1927-இல் புனேயில், மரச்சாமான் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்துவிட்டு, அவருடைய அகமதாபாத் கட்டடங்களை மேற்பார்வையிட ஊர் திரும்பினார். அங்கேயே 1962-இல் ஒரு கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று செப்ட் பல்கலைக்கழகமாக நிற்கிறது. கட்டடக்கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் 2018-இல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2023 ஜனவரியில் காலமானார். உசேன் 1915-இல் பண்டரிபுரத்தில் பிறந்தவர். இளம் வயதில் பம்பாய்க்குப் போய் வயிற்றுப்பாட்டுக்கு சினிமா பேனர் வரைந்தவர். நம்மூர் சினிமாக் கொட்டகைகளின் முன்னால் சாரத்தின் மேல் நின்று கட்அவுட் வரைந்த கைகளைப் பார்த்தவர்களுக்கு உசேனின் கையைப் புரிந்துகொள்வது எளிது. ஆளைவிடப் பலமடங்கு பெரிய பரப்பில், அருகில் நின்றுகொண்டு, தள்ளி நின்று பார்க்க வாய்ப்பில்லாமல், ஒரே இழுப்பில் கோடு போட வேண்டிய வேலை அது. குகையின் கூரைக்கு அந்தக் கை தேவைப்பட்டது.

வடிவம் எங்கிருந்து வந்தது என்று தோஷியைக் கேட்டவர்களுக்கு அவர் ஆமையோட்டைச் சொன்னார். சோப்புக் குமிழிகளைச் சொன்னார். கனவில் கூர்மம் வந்ததாகவும் ஒரு கதை சொல்வார். கதை எப்படி இருந்தாலும் கட்டிய முறை கெட்டிக்காரத்தனமானது. ஃபெரோசிமென்ட் என்ற முறையைக் கையாண்டார்கள். கம்பிகளை வேண்டியபடி வளைத்துக் கூடு செய்வார்கள். அதன் மேல் கம்பி வலையைப் போர்த்திக் கட்டுவார்கள். பிறகு சிமென்ட் கலவையைக் கையாலேயே அப்பி அழுத்துவார்கள். ஓட்டின் கனம் ஓர் அங்குலம்தான். வட்டமும் நீள்வட்டமுமாக ஒன்றோடொன்று பின்னிய அந்த வளைவுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் கனமான அஸ்திவாரம் தேவைப்படவில்லை. வடிவக் கணக்கைத் தீர்க்கக் கணினி உதவியது. கட்டி முடித்தவர்களோ கைக்கருவிகளை மட்டுமே வைத்திருந்த பழங்குடித் தொழிலாளர்கள். வரைபடத்தில் கோணலாக இருந்ததைக் கோணலாகவே கட்டுவது கொத்தனாருக்குச் சுலபமான காரியமில்லை. ரசமட்டமும் தூக்குக்குண்டும் பழகிய கைக்கு அது எதிர்வேலை. அந்தப் பெயர் தெரியாத கைகளுக்கும் இந்தக் குகையில் தோஷி அளவுக்குப் பங்குண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

பூமிக்கு அடியில் போனதற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. அகமதாபாத் வெயில் அப்படி. சித்திரை மாதத்தில் நண்பகலில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் செருப்பில்லாமல் கால் வைத்துப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. மண் அணைத்திருப்பதால் உள்ளே சூடு ஏறுவது குறைகிறது. மேலே பதித்த வெள்ளைச் சில்லுகள் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மொட்டைமாடியில் உடைந்த ஓட்டுச் சில்லு பதிக்கும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளிலும் உண்டு, காரணமும் அதுவேதான்.

இனி வெளிச்சம். குகையின் உண்மையான விசேஷம் அங்கேதான் இருக்கிறது. கூரையில் நீண்டிருக்கிற அந்த மூக்குகள் வழியாக வெயில் வட்ட வட்டமாக உள்ளே விழுகிறது. காலையில் ஒரு தூணின் அடியில் கிடக்கிற வட்டம், பொழுது ஏற ஏறத் தரையில் நகர்ந்து, ஒரு கோட்டைத் தொட்டு, ஒரு முகத்தைக் கடந்து, மாலையில் வேறெங்கோ போய்ச் சேர்கிறது. ஆகவே காலையில் பார்த்த ஓவியத்தை மாலையில் பார்க்க முடியாது. அருங்காட்சியகங்களில் படத்துக்கு மேல் ஒரு விளக்கைப் போட்டு அது என்றும் ஒரே மாதிரித் தெரியும்படி வைப்பார்கள். இங்கே நேரம் என்பதும் ஓவியரின் வண்ணப்பெட்டியில் ஒன்று.

உசேன் வரைந்தவை என்ன? அவருடைய குதிரைகள் உண்டு. மனித உருவங்கள், விலங்குகள் உண்டு. உலோகத்தில் வெட்டிய ஆளுருவங்களையும் தூண்களுக்கு இடையில் நிறுத்தியிருக்கிறார். ஆக, கறாராகச் சொன்னால் இது முழு அரூப ஓவியம் ஆகாது. ஆனாலும் வளைந்த பரப்பில் ஓடுகிற குதிரையை ஒரே பார்வையில் யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது. ஓரிடத்தில் நின்றால் கழுத்து தெரியும். இரண்டடி நகர்ந்தால் அது ஒரு வெறும் வளைவாகிவிடும். இன்னும் நகர்ந்தால் தூணின் நிழலும் அந்தக் கோடும் சேர்ந்து வேறொன்றாகத் தெரியும். பார்ப்பவர் நடக்க நடக்க உருவம் கலைந்து கோடாகவும், கோடு கலைந்து வண்ணமாகவும் மாறுகிறது. அரூப ஓவியம் என்றாலே ஒதுங்கிப் போகிறவரையும், அவருக்குத் தெரியாமலே, அதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடுகிற இடம் இது.

அப்படி ஒதுங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஓவியக் கண்காட்சிக்குப் போய், வெறும் வண்ணத் திட்டுகளின் முன்னால் நின்று, “இது என்னங்க, ஒண்ணும் புரியலையே” என்று கேட்காதவர் குறைவு. கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற அதே ஆள், அன்று காலையில் தன் வீட்டு வாசலில் ஓர் அரூப ஓவியத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார். சிக்குக் கோலம் எதன் உருவத்தையும் காட்டுவதில்லை. புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு புறப்பட்டு, வளைந்து, தன்னையே பலமுறை வெட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்டதில்லை. வாசல் நிறைந்திருக்கிறதா, கோடு ஓரிடத்திலும் தடுமாறாமல் ஓடியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலையைக் கடைக்காரர் விரித்துப் போடும்போதும் அப்படித்தான். அந்தப் பொட்டுகளுக்குப் பொருள் கேட்காமல், அவை சேலையின் உடம்பில் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து எடுக்கத் தெரிந்த கண் நம் பெண்களுடையது. அரூப ஓவியத்துக்கு அந்தக் கண் போதும்.

தமிழ்நாட்டு ஓவியர்களும் இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்கள். கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துகளையும் குறிகளையும் கொண்டே ஓவியம் செய்தார். 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே. துறையூருக்குப் பக்கத்தில் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தைக் கோட்டோவியக்காரராகத்தான் பத்திரிகை வாசகர்கள் பெரும்பாலும் அறிவார்கள். கறுப்பு மசியில் காந்தியை அத்தனை விதமாக வரைந்தவர், பின்னாளில் பெரிய பெரிய கித்தான்களில் வண்ணப் பரப்புகளை மட்டுமே வைத்தார். மழைக்கு முந்தைய வானமும் உழுது போட்ட காடும் அவற்றில் உருவமில்லாமல் இருக்கின்றன. ஆனால் இவர்களுடைய படங்கள் எல்லாம் எங்கும் கொண்டுபோகக் கூடியவை. இன்று ஒரு சுவர், நாளை இன்னொரு சுவர். ஓர் அறைக்காகவே வரைந்து, அந்த அறையை விட்டு எடுக்கவே முடியாதபடி செய்வது வேறு வகை வேலை.

அந்த வகையில் உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரில் இருக்கிறது. ஓவியர் மார்க் ரோத்கோ 1903-இல் இன்றைய லாத்வியாவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குப் போனவர். ஹூஸ்டனில் வாழ்ந்த ஜான், டொமினிக் தெ மெனில் தம்பதியர் 1964-இல் ஒரு வழிபாட்டு இடத்துக்கு ஓவியம் வரைய அவரை அழைத்தார்கள். இடத்தை எண்கோணமாக அமைக்க வேண்டும் என்றார் ரோத்கோ. கூரை விஷயத்தில் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனோடு ஒத்துவராமல், ஜான்சன் விலகி, வேறிருவர் முடித்துக் கொடுத்தார்கள். ரோத்கோ நியூயார்க்கில் தன் பட்டறைக்குள்ளேயே அந்த அறையின் சுவர்களை முழு அளவில் மரத்தால் நிறுத்தி வைத்துக்கொண்டு வரைந்தார். மேலிருந்து வரும் வெளிச்சத்தை மட்டுப்படுத்த ஒரு பாராசூட் துணியைக் கட்டித் தொங்கவிட்டார். மொத்தம் 14 கித்தான்கள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கறுப்பும் மட்டும். உருவம் எதுவும் இல்லை.

முதல் பார்வையில் அவை வெறும் கறுப்புப் பலகைகள். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் கறுப்புக்குள் ஊதா தெரியத் தொடங்கும். ஒரு பலகையின் விளிம்பு மெல்ல முன்னால் வரும். வெளியே மேகம் நகர்ந்தால் அறை முழுக்க நிறம் மாறும். எந்த மதத்துக்கும் உரியதில்லை அந்த இடம். எல்லா மதத்தாரும் வந்து உட்காருகிறார்கள். 1971 பிப்ரவரியில் அது திறந்தபோது ரோத்கோ உயிரோடு இல்லை. ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்புதான் தன் பட்டறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கின் மங்கிய வெளிச்சத்துக்குப் பழகி வரைந்த படங்களின் மேல் டெக்சஸ் வெயில் நேராக இறங்கியதை அவர் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தைச் சரிசெய்ய மறைப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். 2020-இல்தான் கூரைச் சாளரத்தை முழுதாகப் புதுப்பித்து முடித்தார்கள். படத்தில் ஒரு தூரிகைத் தீற்றலைக்கூடத் தொடாமல், வெளிச்சத்தை மட்டும் திருத்த அரை நூற்றாண்டு! ஓவியமும் அறையும் ஒன்றாகிவிட்ட இடத்தில் கூரை ஒழுகினாலும் வெயில் கூடினாலும் கெடுவது ஓவியம்தான்.

நம் பக்கம் இந்த உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற சித்தன்னவாசல் சமணக் குகைக்குப் போனவர்கள் பெரும்பாலும் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். உள்மண்டபக் கூரையில் விரிந்திருக்கும் அந்தக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் இருக்கின்றன. பூப்பறிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். தூண்களின் மேல் நடன மாதர் இருக்கிறார்கள். அது உருவ ஓவியத்தின் உச்சம். ஆனால் உள்ளே, கருவறையின் கூரையில் இன்னோர் ஓவியம் உண்டு. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். துணியால் செய்த மேற்கட்டியைத் தீர்த்தங்கரர்களின் தலைக்கு மேல் விரித்தாற்போல், கட்டங்களும் வட்டங்களுமாக ஒரு பெரிய விரிப்பு அது. பட்டைக் கரை, கரைக்குள் சதுரங்கள், சதுரங்களோடு மாறி மாறி வட்டங்கள், வட்டங்களுக்குள் சிலுவைபோல் குறுக்குக் கோடுகள். சில கட்டங்களில் சின்னதாக மனித உருவமும் சிங்கமும் இருந்தாலும் கண்ணைப் பிடித்து இழுப்பது அந்த ஒழுங்குதான். பாறையைக் குடைந்த சிறிய அறை, தாழ்ந்த கூரை, வாசல் வழியாக வருகிற அரை வெளிச்சம். அங்கே நின்று மெல்ல ‘ம்’ என்று ரீங்கரித்தால் அறை முழுக்க அந்த ஒலி அதிரும். கண்ணுக்கு வண்ணமும் காதுக்கு அதிர்வும் சேர்ந்து கிடைக்கிற அப்படி ஓர் அறையை இன்றைய கலைஞர்கள் பெருஞ்செலவில் கட்டுகிறார்கள்.

சித்தன்னவாசல் குகையின் முகப்பில் ஒரு பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்ற சமணர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபத்தைக் கட்டினார் என்று அது சொல்கிறது. அப்போது ஆண்டவன் அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்; காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. வண்ணங்கள் பெரும்பாலும் சுண்ணாம்பு, காவிமண், கரி, பச்சைமண் போன்ற எளிய பொருள்கள்; காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியவை.

இப்போது திண்டுக்கல் மாவட்டத்துக்கு வரலாம். பழனிக்கு மேற்கே, சமவெளியிலிருந்து தனியாக எழும்பி நிற்கிறது ஐவர்மலை. பழைய பெயர் அயிரை மலை. மலையின் மேல் இயற்கையாகவே குடைபோல் கவிந்த நீளமான பாறை. அதன் கீழே மழையும் வெயிலும் படாத ஒரு தாழ்வாரம். கூரையும் சுவரும் ஒரே பாறைதான், அகமதாபாத்தில் மனிதர்கள் பாடுபட்டுச் செய்ததை இங்கே மலையே செய்து வைத்திருக்கிறது. கவிந்த பாறையின் நெற்றியில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள், மொத்தம் 16. சில உட்கார்ந்த கோலம், சில நின்ற கோலம். ஒவ்வொன்றும் சிறிய கட்டத்துக்குள் அடங்கி, நிறம் எதுவும் இல்லாமல், பாறையின் நிறத்தோடு நிறமாகத் தெரிகின்றன. காலை வெயில் சாய்வாகப் படும்போது மட்டும் நிழல் விழுந்து உருவம் பளிச்சென்று எழும்.

இங்கேயும் ஒரு கல்வெட்டு. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 792 என்று இரண்டு கணக்கிலும் அது காலம் குறிக்கிறது. அதாவது கி.பி. 870. பாண்டியர் வரலாற்றில் ஆண்டுக் கணக்கை உறுதியாக ஊன்றிக்கொள்ள ஆய்வாளர்களுக்குக் கிடைத்த நங்கூரம் இந்தக் கல்வெட்டு. இரண்டாம் வரகுணன் 862-இல் அரியணை ஏறினான் என்பதை இதை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். குணவீரக் குரவடிகளின் மாணவர் சாந்திவீரக் குரவர், இந்த மலையில் இருந்த பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடியார் ஒருவருக்குச் சோறிடவும் 505 காணம் பொன் கொடுத்தார் என்பது செய்தி.

இந்த இரண்டு கல்வெட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். வரகுணனின் தந்தைதான் சித்தன்னவாசல் கல்வெட்டின் ஸ்ரீவல்லபன். அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகளில், ஒரே நாட்டில், ஒரே சமயத்தைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் பாறைக்குள் இருந்த கலையைப் புதுப்பித்திருக்கிறார்கள். முதலில் செதுக்கியவர் பெயரோ தீட்டியவர் பெயரோ நமக்குக் கிடைக்கவில்லை. கல்லில் வெட்டி வைத்தது புதுப்பித்தவரின் பெயரை. இடத்தோடு ஒட்டிய கலையை உண்டாக்குவதைப் போலவே அதைத் தாங்கிப் பிடிப்பதும் பெரிய காரியம் என்று அந்தக் காலம் கருதியிருக்கிறது. 505 காணம் பொன் என்பது, இன்றைய மொழியில், பராமரிப்பு நிதி.

அந்தப் பொன் எந்தக் காலத்திலோ தீர்ந்துவிட்டது. அக்கறையும் தேய்ந்துவிட்டது. சித்தன்னவாசல் ஓவியங்கள் பல பகுதிகளில் உதிர்ந்து மங்கிவிட்டன. 1920-ஐ ஒட்டி தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் கவனித்து எழுதும்வரை வெளியுலகம் அவற்றை அறியவில்லை. வெளியுலகம் அறிந்தபின் வந்த கூட்டமும் ஓவியத்துக்கு இன்னொரு சோதனை. பிரான்சின் லாஸ்கோ குகை இதற்குப் பாடம். 1940-இல் கண்டெடுத்த அந்த ஆதிமனித ஓவியங்களைப் பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றிலேயே சுவரில் பாசி பிடித்தது. 1963-இல் குகையை மூடிவிட்டு, இருபது ஆண்டு கழித்துப் பக்கத்தில் ஒரு நகலைக் கட்டிக் காட்டுகிறார்கள். பல்லாயிரம் ஆண்டு தாங்கிய வண்ணம், பதினைந்தே ஆண்டுக் கூட்டத்தைத் தாங்கவில்லை.

திண்டுக்கல் நகரத்துக்குள்ளும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் எழும்பிய மலைக்கோட்டையில், மூலவர் இல்லாத கோயிலும் ஆயுதம் வைத்திருந்த இருட்டறைகளும் இருக்கின்றன. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே யாரும் தூரிகை எடுக்கக் கூடாது, எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் சுற்றுலா வந்து அந்தச் சுவரில் ஆணியாலும் சாவியாலும் பெயரைக் கீறிவிட்டுப் போகிறவர்களைத் தடுக்க வேண்டும். கோட்டைக்குக் கீழே இருக்கிற ஊரின் கதை வேறு. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு கடல் தாண்டிப் போன ஊர் இது. புகையிலைக் குடோன்கள், தோல் ஷாப்புகள், பூட்டுப் பட்டறைகள் என்று உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் கொண்ட கட்டடங்கள் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தவை. தொழில் சுருங்கும்போது அவை பூட்டிக் கிடக்கின்றன. பிறகு இடிந்து மனைகளாகின்றன.

கொச்சியில் வேறு மாதிரி செய்தார்கள். 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் என்ற வணிக நிறுவனத்தின் கடலோரக் கிடங்கு வளாகம், மிளகும் கயிறும் நின்றுபோய்ச் சும்மா கிடந்தது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு ஓவியர்கள் முன்னின்று, 2012 டிசம்பர் 12-இல் அங்கே கொச்சி–முசிறி பினாலே என்ற கலைத் திருவிழாவைத் தொடங்கினார்கள். காரை பெயர்ந்த சுவரைப் பூசி மறைக்கவில்லை. அந்தச் சுவர்களுக்கு ஏற்பக் கலைஞர்கள் வேலை செய்தார்கள். இரண்டாவது பதிப்பில் சிற்பி அனிஷ் கபூர், கடலைப் பார்த்த ஓர் அறையின் தரையில் இடைவிடாது சுழன்று உள்ளிழுக்கும் கருநீர்ச் சுழல் ஒன்றை வைத்தார். உருவம் இல்லை, கதை இல்லை. அதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள். மீன் விற்கிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் வந்து நின்ற அந்த வரிசைதான், அரூபக் கலை சாமானியருக்கு எட்டாது என்ற பேச்சுக்குப் பதில்.

திண்டுக்கல்லில் ஒரே ஒரு பழைய குடோன் போதும். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் இளைஞர்கள் படித்து வெளியே வருகிறார்கள். சின்னாளபட்டியில் சாயத்தின் குணம் அறிந்த கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் கோடு போடத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். உரிமையாளர் ஒருவர் மனம் வைத்து, இடிக்க இருக்கும் கட்டடத்தை ஓராண்டுக்காவது இவர்களிடம் விட்டுக்கொடுத்தால், மாட்டுவதற்குப் படம் தேடாமல் சுவரையே படமாக்கிக் காட்டுவார்கள். மாவட்ட நிர்வாகமும் வணிகர் சங்கங்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அதுவரை ஐவர்மலை இருக்கிறது. பழனிக்குப் போகிறவர்கள் ஓர் அரை நாளை அதற்கு ஒதுக்கலாம். வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. பாறையின் கீழே உட்கார்ந்து, அந்த 16 உருவங்களையும் நிதானமாகப் பாருங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துப் போங்கள். சிற்பத்தில் எண்ணெய் தடவ வேண்டாம், திருநீறு பூச வேண்டாம், கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ பெயின்டோ பட விடவேண்டாம். யாராவது பாறையில் பெயர் எழுதக் கண்டால் தயங்காமல் தடுத்து நிறுத்துங்கள்.